முதன்முதலில் வாத்தடித்தவர்

‘வாத்தடிப்பது’ என்ற வினைச்சொல்லை அகராதியில் தேட வேண்டாம். கிடைக்காது. அகராதி எழுதுகிறவர்கள் படகில் ஏறினால் நேராக உள்ளே போய், பையை மடியில் வைத்துக்கொண்டு நடு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். முன்பக்கம் கயிறு பிடித்து நிற்கிறவன் என்ன பேசுகிறான் என்று காது கொடுத்துக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அந்தச் சொல் இத்தனை நாளில் அச்சேறியிருக்கும்.

அந்தச் சொல் தன் காதில் விழுந்துவிடக் கூடாது என்று இருபது வருஷத்துக்கு மேலாக ஒளிந்து திரிந்த ஒரு மனிதர் உண்டு. அவர் ஒரு பஸ் கண்டக்டர். அந்த வழித்தடத்தில் போகிறவர்கள் அவரை ‘நிக்கட்டும்’ என்பார்கள். வண்டி நிறுத்தத்தை நெருங்கும்போதே படிக்கட்டில் காலை வைக்கிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதித்துவிடும். “நிக்கட்டும் சார், நிக்கட்டும்! அங்க என்ன புதையலா வச்சிருக்கு?” என்று விசிலைப் பல்லில் கடித்தபடியே கத்துவார். சக்கரம் சுத்தமாக நின்று, அவர் ஒருமுறை எட்டிப் பார்த்து, தலையை ஆட்டினால்தான் இறங்கலாம். அவசரக்காரர்கள் அவர் பஸ்ஸைப் பார்த்தாலே அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். பால் பொங்கி அடங்கி ஆறின பிறகும் பாத்திரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். மகள் தவழ்ந்து எழுந்து முதல் அடி வைக்கப் போன காலத்தில், இரண்டு கையாலும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே அலைந்தார். அந்தப் பிள்ளை நடக்கப் பழகியதே அவர் டூட்டிக்குப் போன நேரத்தில்தான். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கிற அவர் மனைவி, “இவர் என்னைக் கட்டிக்க எப்படித்தான் துணிஞ்சாரோ” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த பெண் போய்ச் சேர்ந்த வேலையைப் பாருங்கள். ஆறு கடலில் கலக்கும் இடத்தில், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றிப் போகும் படகில் கயிறு போடுகிற வேலை. அந்தத் துறையில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். செய்தி கேட்ட அன்று கண்டக்டர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “என்ன, கப்பலா கவிழ்ந்துடுச்சு?” என்று கேட்டாள் மனைவி. “போகட்டும் விடுங்க. ஆசைப்படுறா.” கண்டக்டரால் காரணம் சொல்லி மறுக்க முடியவில்லை. காரணம் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, “அப்பா, இன்னைக்கு எங்க படகுல ஒருத்தன் வாத்தடிச்சிட்டான்!” என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கண்டக்டருக்குப் புரையேறிவிட்டது. மனைவி தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

“என்னது அது?” என்றார், கண்ணில் நீர் முட்ட.

“உங்களுக்கு எங்க தெரியப் போகுது, நீங்க பஸ்ஸுக்காரர். படகுக்காரங்க பாஷைப்பா. படகு துறையில முட்டுறதுக்கு முன்னாடியே கயிறோட குதிச்சு, தண்ணில விழுந்தா, அதுக்குப் பேரு வாத்தடிக்கிறது.”

அவருக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. அவருக்கா தெரியாது?

இளவட்டமாக இருந்த காலத்தில் அவரும் அதே துறையில், அதே கயிறு போடுகிற வேலையில் இருந்தவர். வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. படகு கரையை நெருங்கும்போது முன்பக்கம் நிற்க வேண்டும். பக்கவாட்டில் தொங்குகிற டயர் துறையில் உரசியதும் கயிறோடு கரையில் கால் வைத்து, இழுத்துக் கட்ட வேண்டும். உரசியதும்! அந்த ஒரு விஷயத்தில்தான் கோட்டை விட்டார். சேர்ந்த புதிது, உடம்பெல்லாம் உற்சாகம், படகு நிறையக் கூட்டம், அதில் நாலு பேர் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வேறு. பாய்ந்துவிட்டார். கரை வரவில்லை. தண்ணீர்தான் வந்தது.

ஒரு கையில் கயிறு, இன்னொரு கையால் தபதபவென்று தண்ணீரை அடித்துக்கொண்டு அவர் தத்தளிக்க, மேலே சுக்கான் பிடித்திருந்தவர், “டேய், வாத்து அடிக்கிற மாதிரி அடிக்கிறான் பாருடா!” என்று கத்தினார். படகே கொல்லென்று சிரித்தது. கண்டக்டர் எப்படியோ படிக்கட்டைப் பிடித்து ஏறி, கயிற்றைக் கட்டிவிட்டு, குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினார். மானம் கப்பலேறிவிட்டது என்பார்களே, அவர் மானம் அன்றைக்கு இரண்டு கரைக்கும் போய்ப் போய் வந்தது. மறுநாள் டிக்கெட் வாங்க நின்ற குழந்தைகள்கூட அவரைப் பார்த்து வாத்து மாதிரிக் கத்தின. “நேத்து வாத்தடிச்சவன் இவன்தான்” என்று ஒருவருக்கொருவர் காட்டினார்கள். சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டு, தண்ணீரே இல்லாத வேலையாகப் பார்த்து பஸ்ஸில் ஏறிக்கொண்டார். கல்யாணப் பேச்சு வந்தபோது, ஆரம்பத்திலிருந்தே தான் கண்டக்டர்தான் என்று சொல்லிவைத்தார். மனைவிக்கும் இன்றுவரை அதே பொய்தான்.

இப்போது அந்தச் சொல் அவருடைய சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது. தெரியாதவர் மாதிரி, தண்ணீரைக் குடித்தபடி, “பாவம், எல்லாரும் கேலி பண்ணியிருப்பாங்க” என்றார்.

“கேலியா? அவனுக்கு ஒரே பெருமை. வெறுமனே விழுந்தா அது வாத்தடிக்கிறது இல்லப்பா. கயிறை விட்டுட்டு விழுந்தா, சும்மா விழுந்தான், அவ்வளவுதான். கயிறை விடாம விழுந்து, அப்புறம் ஏறி வந்து கட்டணும். அப்பதான் வாத்தடிச்சான்னு ஒத்துக்குவாங்க.”

“அது திட்டுற வார்த்தை இல்லையா?”

“யார் சொன்னது? எங்க சுக்கானி இருக்காரே, படிக்காமப் போய் லைசென்ஸ் பரீட்சை எழுதி, உளறிக் கொட்டி, எப்படியோ பாஸாயிட்டாராம். ‘வாத்தடிச்சுத்தான் வாங்கினேன்’னு நெஞ்சை நிமித்திச் சொல்றாரு. டிக்கெட் கொடுக்கிற அக்கா, இப்ப இருக்கிற அவங்க வீட்டுக்காரர்கிட்ட காதலைச் சொல்லப் போயி, வேற யார்கிட்டயோ சொல்லி, திரும்பி வந்து இவர்கிட்ட சொல்லி, கடைசியில கல்யாணம் ஆயிடுச்சு. ‘எங்களோடது வாத்தடிச்ச கல்யாணம்’னு சிரிக்கிறாங்க. லேட்டாயிடுச்சுன்னு போன் பண்ணா, ‘வாத்தடிச்சாவது வந்து சேரு’ன்னு சொல்லுவாங்க.”

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து அவள் சிரிக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

கண்டக்டர் அன்றைக்குப் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தன்னையே வித்தியாசமாகப் பார்த்துக்கொண்டார். தன் அவமானம் தன்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய், வளர்ந்து, ஆளாகி, ஊருக்குள் மரியாதையாக நடமாடிக்கொண்டிருக்கிறது. பெற்றவனுக்குத்தான் சேதி வரவில்லை.

அதற்குப் பிறகு அவரே பேச்சைக் கிளப்ப ஆரம்பித்தார். “இன்னைக்கு யாராவது... அது என்ன, வாத்தா, கோழியா, அது அடிச்சாங்களா?” என்று மறதிக்காரர் மாதிரிக் கேட்பார். மகளும் சலிக்காமல் சொல்வாள். கேட்கக் கேட்க அவருக்குக் காது குளிர்ந்தது. பஸ்ஸில்கூட ஒருநாள் யாரோ ஓடி வந்து ஏறியதற்குத் திட்டாமல் விட்டுவிட்டார். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

இந்தச் சந்தோஷம் நீடித்திருக்கும். நடுவில் மீசை வந்து சேர்ந்தார்.

“அப்பா, முதன்முதலா வாத்தடிச்சவரையே பார்த்துட்டேன்!” என்று ஒருநாள் குதித்துக்கொண்டு வந்தாள் மகள். “மீசைன்னு கூப்பிடுவாங்க. பழைய ஆளு, ரிட்டயராயிட்டாரு. துறை வாசல்ல டீக்கடையிலதான் தினம் உட்கார்ந்திருப்பாரு. கேட்டா அந்தக் கதையைச் சொல்வாரு. எல்லாரும் டீ வாங்கிக் கொடுப்போம். அடுத்த ஞாயித்துக்கிழமை புதுப் படகு விடுறாங்க இல்ல, முதல் கயிறை அவர்தான் கட்டப் போறாரு.”

கண்டக்டருக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று ஓடின ஒன்றை இன்னொருவன் எடுத்து வைத்துக்கொண்டு ஓசி டீ குடிக்கிறான் என்றால், யாருக்குத்தான் பொறுக்கும்? இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் அவருக்கு வார விடுப்பு. சட்டையை மாட்டிக்கொண்டு, “சும்மா காலாற நடந்துட்டு வர்றேன்” என்று கிளம்பினார். கால் நேராகத் துறை வாசல் டீக்கடையில் போய் நின்றது.

மீசை நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் படகுக்காரர்கள், அவர்களில் சீருடையோடு மகளும். அப்பாவைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே ஆச்சரியம், பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தாள். மீசை கதைக்குக் கை, கால், மூக்கு, முழி எல்லாம் வைத்துச் சொன்னார். அன்றைக்குப் புயல் அடித்ததாம். அலை பனை உயரமாம். படகில் ஒரு பிரசவ வலிக்காரி இருந்தாளாம். “பாய்ஞ்சேன்! ஆழத்துக்குப் போயிட்டேன்! ஆனா கயிறை விடலையே! மேல வந்தேன், துறையில கயிறு கட்ட நட்டிருந்த இரும்புக் குத்தியில மூணு சுத்து சுத்தினேன்...”

புயலைப் பொறுத்துக்கொண்டார் கண்டக்டர். பிரசவத்தையும் பொறுத்துக்கொண்டார். குத்தி என்று வந்தபோது வாய் அவரைக் கேட்காமலேயே திறந்துகொண்டது.

“அப்ப ஏது இரும்புக் குத்தி? குத்தியெல்லாம் பின்னாடி வந்தது. விளக்குக் கம்பத்துல கட்டினது அது. கயிறும் கையில இல்ல. படியேறும்போது ரெண்டு கையும் வேணும்ல? பல்லுல கடிச்சிருந்தது.”

மீசை கிளாஸைக் கீழே வைத்தார். “இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கண்டக்டர் எழுந்து நின்றார். எழாமலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மனுஷனுக்கு வேகம் வந்துவிட்டது. “ஏன்னா, வாத்தடிச்சது நான்தான்.”

ஒரு கணம்தான். அப்புறம் கடையே சிரித்தது. ஒருவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “அண்ணே, உட்காருங்க. இதுவரைக்கும் இதே கடையில நாலு பேர் இப்படிச் சொல்லியாச்சு. போன வருஷம் ஒருத்தர் சத்தியமே பண்ணாரு.” சுக்கானி எழுந்து வந்து, “நம்ம பொண்ணோட அப்பாவா நீங்க? டீ சாப்பிடுங்க, கோச்சுக்காதீங்க” என்று தோளைத் தட்டினார். அந்த மரியாதைதான் அவரை இன்னும் கொன்றது. மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு வரைக்கும் அவள் பத்தடி முன்னாலேயே நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வெடித்தாள்.

“ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க? நாளைக்கு நான் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“உண்மையைத்தான்மா சொன்னேன்.”

“நீங்களா? வண்டி நிக்காம ஒரு ஈ இறங்கினாக்கூடத் திட்டுவீங்க. நீங்க குதிச்சீங்களா? படகுல வேலை பார்த்தேன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா? அந்தப் பெரியவருக்கு இருக்கிறதே அந்த ஒரு கதைதான். அதைப் போயி... எங்க அப்பா பொய் சொல்ல மாட்டார்னு இதுநாள் வரைக்கும் நெனச்சிட்டிருந்தேன்.”

கண்டக்டருக்குத் தண்ணீரில் விழுந்த அன்றைக்குக்கூட இவ்வளவு வலிக்கவில்லை. ஊர் நம்பாவிட்டால் போகிறது. மகள் கண்ணில் பொய்க்காரனாகிவிட்டார், அதுவும் தன் வாழ்க்கையில் சொன்ன ஒரே கஷ்டமான உண்மைக்காக. சாட்சிக்கு ஆள் இல்லை. அன்றைய சுக்கானி போய்ச் சேர்ந்துவிட்டார். விளக்குக் கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள்.

மனைவி மெஷினை விட்டு எழுந்து வந்தாள். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, “உங்க அப்பா பொய்தான் சொல்லியிருக்காரு” என்றாள். “ஆனா இன்னைக்குச் சொன்னது இல்ல. ஆரம்பத்துல இருந்தே கண்டக்டர்னு சொன்னாரே, அதுதான் பொய்.”

அப்பாவும் மகளும் அவளையே பார்த்தார்கள்.

“நான் அந்தப் படகுல இருந்தேன்.”

கண்டக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கரையில தையல் பழகப் போயிட்டிருந்தேன் அப்ப. புயலும் இல்ல, பிரசவமும் இல்ல, நல்ல வெயில். இவர் குதிச்சாரு, விழுந்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சுக்கானி, எப்படியும் கட்டிடுவான்னு இன்ஜினை ஏற்கெனவே நிறுத்தியிருந்தாரு. சிரிச்சு முடிச்சுட்டுப் பார்த்தா படகு நகருது. நீர் வத்துற நேரம், கடல் பக்கமா இழுக்குது. இன்ஜின் கிளம்பல. திரும்பத் திரும்ப அடிச்சுப் பார்க்கிறாரு, இருமிட்டு நின்னுடுது. அத்தனை பேரையும் அந்த ஒரு கயிறுதான் பிடிச்சிட்டிருந்தது. அதைப் பல்லுல கடிச்சுக்கிட்டு இவர் படியேறினாரு. விளக்குக் கம்பத்துல கட்டினாரு. கட்டி முடிச்ச பிறகுதான் இருமினாரு.”

“அம்மா, நீ சொல்லவே இல்லையே!” என்றாள் மகள்.

“தரகர் போட்டோ கொண்டு வந்தப்பவே ஆள் யாருன்னு தெரிஞ்சு போச்சு. வீட்டுல எல்லாருக்கும் வேற ஒரு மாப்பிள்ளை மேலதான் கண்ணு. நான்தான் இவரைத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். ஏன்னு கேட்டாங்க, சொல்லல. கல்யாணத்துக்கு அப்புறம் இவரே சொல்லுவாருன்னு காத்திருந்தேன். சொல்லல. சரி, மனுஷனுக்கு அது வலிக்குது போலன்னு விட்டுட்டேன்.”

மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள். “விழுந்தீங்கள்ல, அப்ப ஏன்ப்பா கயிறை விடல? விட்டுட்டு நீந்தியிருந்தா சுலபமா ஏறியிருக்கலாமே?”

இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டுக்கொண்டதில்லை. யோசித்துப் பார்த்தார். “அதுல ஆளுங்க இருந்தாங்களேம்மா” என்றார். மகள் அவரைக் கட்டிக்கொண்டு, “மன்னிச்சிடுங்கப்பா, மன்னிச்சிடுங்க” என்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாளே துறைக்குப் போய் எல்லாரையும் கூட்டி உண்மையை உடைத்துவிடுகிறேன் என்று அவள் துடித்தாள். முதல் கயிறை அப்பாதான் கட்ட வேண்டும், அம்மாதான் சாட்சி. கண்டக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “அந்த மனுஷன் அதை வச்சு நாலு பேரோட உட்கார்ந்து பேசிட்டு இருக்காரு. எனக்கு வேண்டியது வீட்டுலயே கிடைச்சிடுச்சு.”

“அப்ப எனக்கு வேண்டியது?” என்றாள் மனைவி. “இத்தனை வருஷமா அக்கரைக்குப் போகணும்னா பாலம் வழியா ஊரைச் சுத்தி பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போனீங்க. ஏன்னு எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை படகுல கூட்டிட்டுப் போங்க.”

ஞாயிற்றுக்கிழமை புதுப் படகு பெயிண்ட் வாசனையோடு நின்றது. படகுக்காரர்களின் குடும்பங்களுக்கு முதல் பயணம் இலவசம். மீசை சலவைச் சட்டை போட்டு, முன்பக்கம் கயிறோடு நின்றார். கை லேசாக நடுங்கியது. பக்கத்தில் மகள் நின்று, யாருக்கும் தெரியாமல் கயிற்றின் கனத்தைத் தான் தாங்கிக்கொண்டாள். கண்டக்டர் ஏறும்போது மீசை அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“தம்பி,” என்று காதோடு கேட்டார், “அந்த விளக்குக் கம்பம், பல்லுல கடிச்சது... அதெல்லாம் நெசமா?”

“நெசம்தாங்க.”

மீசை தலையை ஆட்டினார். “நல்லா இருக்கு. இனிமே அப்படியே சொல்லிடுறேன். ஆனா புயலை எடுக்க மாட்டேன்.”

“புயல் இருக்கட்டும்” என்றார் கண்டக்டர்.

அக்கரையில் டயர் பதமாக உரசியது. மீசை கால் வைத்து, இரும்புக் குத்தியில் கயிற்றைச் சுற்றினார். எல்லாரையும்விட சத்தமாகக் கைதட்டியது கண்டக்டர்தான். கூட்டம் இறங்கத் தொடங்கியது. மனைவி இறங்கவில்லை. ஜன்னலோர பெஞ்சில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள்.

“பழைய படகுல இதே வரிசைதான். இங்கதான் உட்கார்ந்திருந்தேன்.”

அவர் உட்கார்ந்து கீழே தண்ணீரைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அந்தக் காட்சி கீழேயிருந்து பார்த்த மாதிரியே அவர் மனதில் பதிந்திருந்தது: மேலே வரிசையாகச் சிரிக்கிற வாய்கள். அந்த வரிசையில் இவளும் இருந்திருக்கிறாள். கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டேவிட்டார்.

“நீயும் சிரிச்சியா?”

“சிரிக்காமலா? வயிறு வலிக்க வலிக்கச் சிரிச்சேன்” என்றாள் அவள். “நீங்க கட்டி முடிச்ச பிறகுதான் அழுதேன்.”

கண்டக்டர் சிரிக்க ஆரம்பித்தார். கடைசி ஆளும் இறங்கிப் போன பிறகும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.